118ஆம் ஷாட்டின் முகம்

ஜூன் 3, திங்கள்

மாற்றப் பட்டியல் வந்தது. எக்செல் ஷீட், முப்பது வரி. மேலே 'கரிச்சான் - சுத்தம்' என்று தலைப்பு. அழுக்கு எது என்று யாரும் விளக்கவில்லை. ஷாட் எண், அழிக்க வேண்டிய பொருள், அவ்வளவுதான்.

பிற்பாடு எனக்கே நினைவிருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன். 'கரிச்சான்' ஒரு சூப்பர் ஹீரோ படம். ஹீரோ ஒரு பெண். வடசென்னைத் தெரு ஒன்றில் பிறந்து, சாம்பல் கலந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்து, ஒரு நாள் பறக்கிறாள். பருந்தையே விரட்டும் சின்னக் கருங்குருவியின் பெயரை வைத்துக்கொள்கிறாள். டிரெய்லர் வந்த மறுநாளே சண்டை. 'சூப்பர் ஹீரோ படத்துல எதுக்குய்யா அரசியல்' என்று ஒருவன். 'எங்க மூஞ்சி இப்பதான் மொத தடவ பறக்குது, உனக்கு ஏன் எரியுது' என்று இன்னொருவன். பதினெட்டாயிரம் கமென்ட். தயாரிப்பாளர் பயந்துவிட்டார். அதன் விளைவு இந்தப் பட்டியல்.

என் வேலை கம்பாசிட்டிங். படம் பிடித்த பிறகு ஃபிரேமில் இருப்பதை இல்லாமல் செய்வது, இல்லாததை இருக்க வைப்பது. என் கருத்தைக் கேட்டால், எனக்குக் கருத்து இல்லை. ஒருத்தி பறக்கிறாள் என்றால் புவியீர்ப்பு எங்கே போனது என்று கேட்கலாம். அவள் எந்தத் தெரு என்று எதற்குக் கேட்க வேண்டும்? யார் பறந்தால் என்ன?

பக்கத்து சீட் நஸ்ரீன் ஷீட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"டேய் சித், மொத வரி நீலக் கொடி. ரெண்டாவது மாட்டுக்கறிக் கடை. மூணாவது கோட்டு போட்ட சிலை. லிஸ்ட் போட்ட ஆளுக்குக் கண்ணு செமையா தெரியுது. அடுத்த லிஸ்ட்ல என்னையும் அழிச்சிருவாங்க பாரு."

"கொடி காத்துல ஆடுது, ஓரமெல்லாம் கலங்கியிருக்கு. கஷ்டமான வேலை. அதைப் பத்தி மட்டும் பேசு."

"உனக்கு எதுவுமே ஆகாதா?"

"டெட்லைன் ஆகும்."

படம் பிடித்தது செட்டில் இல்லை. புளியந்தோப்புப் பக்கம் ரெட்டைக்குழாய்த் தெரு. நிஜத் தெரு. எனக்குப் பழக்கமான இடம்.

ஜூன் 5, புதன்

ஷாட் 14. கொடியும் கம்பமும் போயாயிற்று.

ஒன்றை அழிப்பது எளிது. அதன் பின்னால் இருந்ததைக் கொண்டுவருவதுதான் வேலை. ஒழுங்கான யூனிட் என்றால் ஷாட் முடிந்ததும் எல்லோரையும் விலக்கிவிட்டு, வெற்று இடத்தைப் பத்து வினாடி எடுத்து வைப்பார்கள். கிளீன் பிளேட் என்று பெயர். இவர்கள் எடுக்கவில்லை. எடுத்திருக்கவும் முடியாது. அந்தத் தெருவில் வெற்று இடம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை.

கம்பத்துக்குப் பின்னால் ஒரு மாடிப்படி. ஏழு படி. நான்காவது படியில் மூலை உடைந்திருக்கும். பச்சை பெயின்ட். நினைவிலிருந்து வரைந்து ஒட்டினேன். அரை நாளில் முடிந்தது.

சூப்பர்வைசர் தீனா சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை பார்த்தார்.

"பின்னாடி படி இருக்குன்னு உனக்கு எப்டிப்பா தெரியும்? எந்த ஃபிரேம்லயும் தெரியலயே."

"கெஸ் சார்."

"இந்த மாதிரி ரெண்டு பேர் இருந்தா போதும், நான் நிம்மதியா தூங்குவேன்."

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. ரெட்டைக்குழாய்த் தெருவுக்குள் நுழைந்ததும் எதிலோ முட்டிக்கொண்டேன். நெற்றி வீங்கிவிட்டது.

"இன்னாடா கப்பலு, கண்ணு தெர்லியா? கொடிக்கம்பம் நட்டநடுத் தெருவுல நிக்குது, அதுல போயி முட்டிக்கினு வர்ற."

"எந்தக் கம்பம்மா?"

"ஆமா, ஊருல பத்து கம்பம் கீது பாரு. உங்கப்பன் குழி தோண்டி நட்டது, மறந்துட்டியா?" என்று மஞ்சளைக் குழைத்து நெற்றியில் அப்பினார்.

கதவருகே நின்று பார்த்தேன். கம்பம் எதுவும் இல்லை. பச்சை மாடிப்படி இருந்தது. அதையொட்டிய சுவரில் ஒரு விரிசல். அதே விரிசல் ஒரு சாண் தள்ளி இன்னொரு முறை. இன்னும் ஒரு சாண் தள்ளி மூன்றாம் முறை. அவசரத்தில் நகலெடுத்து ஒட்டினால் அப்படித்தான் இருக்கும். வெயில் அதிகம். நேற்றெல்லாம் பதினோரு மணி நேரம் திரையைப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்குப் பட ரிலீஸ் தேதி மட்டும்தான் கவலை. படப்பிடிப்பு நடந்தபோது குழாயடியில் நின்றவரை டைரக்டர் கூப்பிட்டு நடிக்க வைத்துவிட்டார். பறக்கப் பயந்து, கையில் அடிபட்டு உட்கார்ந்திருக்கும் கரிச்சானுக்குச் சேலையைக் கிழித்துக் கட்டுப் போடுகிற பெண். எழுதிக் கொடுத்த வசனத்தை அம்மா சொல்லவில்லை. தாமாக ஒன்று சொன்னார்: 'பறக்கறதுன்னா பற. கீழ பாத்துக்கினு நிக்காத.' டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார்.

"நான் அதுல கீறேன்ல? வெட்டிட மாட்டாங்களே?"

"இல்லம்மா. இருக்க."

"தெருவே கெளம்புது தியேட்டருக்கு. சத்துணவுல டீச்சரம்மாகூட வரேன்னுச்சு."

ஜூன் 12, புதன்

ஷாட் 22, 27. கறிக்கடைப் பலகை, தொங்கும் கறி, அடுப்பு. 'டிபன் சென்டர்' என்று மாற்றினேன். துணி துவைக்க வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

மதியம் சாப்பிடும்போது நஸ்ரீன் கேட்டாள்: "போன மாசம் ஒரு சுக்கா வாங்கிட்டு வந்தியே, இன்னொரு தடவை வாங்கிட்டு வாடா. எங்க வீட்ல எல்லாரும் கேக்குறாங்க."

"எந்தச் சுக்கா?"

"மூசா பாய் கடை சுக்காடா. சின்ன வயசுலருந்து அங்கதான் திங்கிறேன்னு சொல்லி அரை மணி நேரம் அறுத்தியே."

"நான் மாட்டுக்கறி சாப்பிடறதே இல்லையே."

அவள் டிபன் மூடியைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். நான் விளையாடவில்லை. அப்படி ஒரு கடை, அப்படி ஒரு பாய், எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அறைக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். 'கொடியும் கம்பமும் போயாயிற்று' என்று இருக்கிறது. என் கையெழுத்து. கம்பம் எப்படி இருந்தது என்று யோசித்தேன். அப்பா குழி தோண்டினார் என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறது. தோண்டியது நினைவில்லை. அங்கே நான் இருந்திருப்பேன்தானே?

ஜூன் 14, வெள்ளி

ஒரு முறை என்றால் தற்செயல். இரண்டு முறை என்றால் சோதித்துப் பார்க்க வேண்டும். படித்தது அதற்குத்தான்.

ஷாட் 40, கோட்டுச் சிலை. நானே அழிக்கிறேன். அதற்கு முன் ஒரு வரி: 'சிலையின் பீடத்தில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புக்குப் படித்தேன்.' ஷாட் 41, இரட்டைக் குழாய். இதை நஸ்ரீனிடம் கொடுத்துவிட்டேன். எனக்கும் அவளுக்கும் நடுவே வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை. அவள் அந்தத் தெருவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஜூன் 17, திங்கள்

முடிவு தெளிவாக இருக்கிறது.

குழாய் அப்படியே இருக்கிறது. இடது குழாயில் திருகு கழன்றுபோய்ச் செருப்பு வாரைச் சுற்றியிருப்பது வரை சொல்ல முடிகிறது. நஸ்ரீனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளிடம் இழக்க ஒன்றும் இல்லை, அவளுக்கு அது பிக்சல்.

சிலை போய்விட்டது. நான் எழுதிய வரியைப் படித்தேன். யாரோ எங்கோ உட்கார்ந்து படித்திருக்கிறான். நல்ல பையன்.

பழைய வெர்ஷனைத் திறந்து சிலை இருக்கும் ஃபிரேமை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரையில் சிலை இருக்கிறது. உள்ளே எதுவும் திரும்ப வரவில்லை. இதற்கு அன்டூ கிடையாது.

காரணமும் புரிந்தது. கிளீன் பிளேட் இல்லாத இடத்தில் நான் என் நினைவை பிளேட்டாகப் போட்டேன். போட்டது செலவாகிவிட்டது.

மிச்சமுள்ள ஷாட்டுகளை நஸ்ரீனோடு மாற்றிக்கொள்ளலாம். அவளிடமுள்ள பறக்கும் காட்சிகளை நான் எடுத்துக்கொள்கிறேன். கம்பியை அழிப்பது, ஆகாயத்தைப் போடுவது. ஆகாயத்தில் எனக்குச் சொந்தமாக எதுவும் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

மாற்றிக்கொண்டோம். சிக்கல் தீர்ந்தது.

ஜூன் 19, புதன்

தீரவில்லை. பட்டியலில் முப்பத்தொன்றாவது வரி சேர்ந்திருக்கிறது. ஷாட் 118. 'கட்டுப் போடும் பெண்ணின் முகத்தை மாற்றவும்.'

தீனா சார் மீட்டிங் போட்டு விளக்கினார். "அந்தம்மா நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. ஆனா ரொம்ப லோக்கலா இருக்காங்க. கரிச்சானுக்குத் தைரியம் குடுக்கிற முகம், எல்லாருக்கும் அம்மா மாதிரி இருக்கணும்ல? அதான் விஷயம். ஊறுகாய் விளம்பரத்துல வராங்களே, அவங்கள வெச்சு பச்சைத் துணி முன்னாடி எடுத்தாச்சு. குரலும் அவங்களே குடுத்துட்டாங்க. உடம்பு அப்டியே இருக்கட்டும், தலை மட்டும்."

நஸ்ரீன் சும்மா இருக்கவில்லை. "சார், படத்துல உருப்படியான நடிப்பே அது ஒண்ணுதான்."

"தாயி, நான் தயாரிப்பாளர் இல்ல. சித், இது உனக்கு. முகம் ஒட்டுற வேலைல உன்னைவிட்டா இங்க ஆள் இல்ல. அடுத்த படத்துக்கு உன்னைத்தான் லீடுன்னு சொல்லி வெச்சிருக்கேன், ஞாபகம் வெச்சுக்கோ."

ஜூன் 20, வியாழன்

கேன்டீனில் நஸ்ரீனிடம் கேட்டேன். நேரடியாகத்தான் கேட்டேன்.

"118ஐ நீ எடுத்துக்கோ."

"முடியாது. அந்தம்மா தலையை நான் எடுக்க மாட்டேன்."

"யாராவது எடுக்கத்தான் போறாங்க."

"அப்ப நீயே எடு. உனக்குத்தான் எதுவுமே ஆகாதே. கொடி, சிலை எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சவன், இதுக்கு மட்டும் ஏன் ஓடற?"

"காரணம் இருக்கு."

"சொல்லு. நியாயமா இருந்தா இப்பவே எடுத்துக்கறேன். சத்தியமா."

காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தம்மாவ உனக்குத் தெரியுமா சித்?"

"தெரியாது" என்றேன்.

வேகமாக வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதல்ல.

ஜூன் 21, வெள்ளி

தீனா சாரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "வெளிய குடுத்துக்கலாம்ப்பா, ஒண்ணும் குடி முழுகாது. ஏன் உன்னால முடியலன்னு ஒரு மெயில் போட்டுரு. மேல கேப்பாங்க."

மெயில் திறந்தேன். மூன்று சொல் போதும். 'இவர் என் அம்மா.' மூன்று பேருக்கு காப்பி போகும். பன்னிரண்டு மணிக்குள் தளம் முழுக்கத் தெரியும். சேர்ந்தபோது ஃபாரத்தில் புரசைவாக்கம் என்று எழுதினேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை, நடந்தே போகலாம். நான்கு வருடமாகப் புரசைவாக்கத்துக்காரன். அந்தப் பையனோடு எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள்.

யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நஸ்ரீன் 'அட லூசு, இதுக்கா' என்பாள். ஆனால் கொடியை அழித்தது யார், சிலையை அழித்தது யார் என்று ஒரு வினாடி எல்லோரும் நினைத்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு வினாடி.

மெயிலை மூடிவிட்டேன். என் வீட்டு விஷயத்தை அலுவலகத்தில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. யாரும் சொல்வதில்லை.

ஜூன் 23, ஞாயிறு

தீர்வு இருக்கிறது. சிலைக்கு நான் எழுதி வைத்தது ஒரே வரி. தகவல் போதவில்லை. பேக்கப் முழுமையாக இருந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அம்மாவை முழுமையாக எழுதி வைக்கப் போகிறேன்.

அளவெடுக்க மதியம் போனேன். தெருவுக்குள் நுழைந்தேன். பாதி இடத்தில் ஒரே சுவர் திரும்பத் திரும்ப வருகிறது. அதே விரிசல், அதே காறை, வெயிலும் ஒரே சாய்வு. டிபன் சென்டருக்குள் போன ஒரு ஆள் கையில் ரத்தம் ஊறிய பொட்டலத்தோடு வந்தார். தெரு நடுவில் ஒரு பெரியவர் காற்றில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விழவில்லை. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

அம்மா வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா அப்டி முறைச்சிப் பாக்கற? எமன் மாரி."

"சும்மாம்மா. நீ வேலையப் பாரு."

"ஒல்லியாப் பூட்ட. அந்த ரூமுல இன்னாத்த துன்ற?" தட்டை வைத்தார். ஒரு துண்டு எனக்கு அதிகம். "ஆபிசுல சொன்னியா, அது எங்கம்மான்னு?"

"சொன்னேன்."

"மெய்யாலுமா? இன்னா சொன்னாங்கோ?"

"சூப்பரா நடிச்சிருக்காங்கன்னாங்க."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். கரண்டியை வைத்துவிட்டு மறுபடி திரும்பி, "யாரு சொன்னது, பெரிய ஆபீசரா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. பெரிய ஆபீசர்."

மீன் நன்றாக இருந்தது.

ஜூன் 24, திங்கள்

லீவு போட்டுவிட்டு எழுதுகிறேன். பேக்கப்.

பெயர் தனபாக்கியம். வயது ஐம்பத்தாறு. உயரம் என் தோள் வரை. நிறம் என் நிறம். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறார், பத்தொன்பது வருடம். வலது ஆள்காட்டி விரல் நுனியில் அரிவாள்மனை வெட்டு, நகம் இரண்டாகப் பிளந்து வளரும். இடது முழங்கைக்குக் கீழே கஞ்சி கொட்டிய தழும்பு. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை, அதனால் சிரித்தால் வாயைப் பொத்துவார். பேசுவதற்கு முன்னால் தலையை இடப்பக்கம் சாய்ப்பார். கதவைத் தட்டமாட்டார், உள்ளங்கையால் தள்ளிக்கொண்டு வருவார். கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பார், சுத்தமான பாத்திரத்தையும். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் எனக்குக் கொடுத்துவிடுவார், எனக்கு இருபத்தேழு வயதான பிறகும். கணக்குப் பாடத்தில் நான் ஃபெயிலானபோது வாத்தியாரிடம் போய் 'என் புள்ளைக்கி வரும் சார், நீங்க ஒழுங்கா சொல்லிக் குடுங்க' என்றார். இன்ஜினீயரிங் சேர்ந்த அன்று கல்லூரி கேட் வரை வந்து வெளியிலேயே நின்றுவிட்டார். மற்ற அம்மாக்கள் உள்ளே வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. இதை எழுத வேண்டுமா? எழுதியாயிற்று.

அப்பா போன பிறகு என் முன்னால் அழுததில்லை. பொய் சொன்னால் மூக்கைத் தொடுவார்.

ஆறு பக்கம் ஆகிவிட்டது. சரிபார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

118. இருநூற்றுப் பன்னிரண்டு ஃபிரேம். தலை எப்போது சாயும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்ததால் டிராக்கிங், அசைவை ஃபிரேம் ஃபிரேமாகப் பின்தொடர்வது, சுலபமாக இருந்தது. மற்றவனுக்கு மூன்று நாள் ஆகியிருக்கும். முகத்தை எடுத்ததும் கழுத்துக்கு மேலே கொஞ்ச நேரம் குழாயடிதான் தெரிந்தது. அந்த உடம்பு, தலை இல்லாமல், பொறுமையாகக் கட்டுப் போட்டுக்கொண்டே இருந்தது.

நஸ்ரீன் என் திரைப் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 26, புதன்

அனுப்பிவிட்டேன். முதல் தடவையே ஓகே. கழுத்தில் புது முகத்தை ஒட்டிய ஓரம் கொஞ்சம் கடினமாகத் தெரிகிறது, நேரமில்லை. தீனா சார் கைகொடுத்தார்.

ஜூன் 27, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. சட்டை தேய்க்கக் கொடுத்தேன்.

நோட்டில் ஆறு பக்கம் இருக்கிறது. மூன்று முறை படித்தேன். தகவல் எல்லாம் தெளிவாக இருக்கிறது, எந்த வரியும் புரியாமல் இல்லை. இப்படி ஒரு பெண் இருக்கிறார், எனக்கு அம்மா. சரி. கேட்டுக்கு வெளியே நின்ற இடம் வந்ததும், அந்தப் பையன் கூப்பிட்டிருக்கலாமே என்று தோன்றியது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. நிறுத்தி நிறுத்தி, சத்தமாகவும் படித்துப் பார்த்தேன்.

மாலையில் போன் அடித்தது. எடுத்தேன். ஊறுகாய் விளம்பரக் குரல். "சொல்லுங்க" என்றேன். ஏதோ விற்கிறார்கள் என்று நினைத்து வைத்துவிட்டேன். பிறகுதான் பெயரைப் பார்த்தேன். 'அம்மா' என்று இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

காலையில் துவைத்தேன். மதியம் ஹோட்டலில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை எங்கோ போகும் வழக்கம் என்று நோட்டில் இருக்கிறது. பஸ் எண் இல்லை.

மூன்று மணிக்குக் கதவை யாரோ தட்டாமல் உள்ளங்கையால் தள்ளினார்கள்.

அந்த விளம்பர நடிகை நின்றார். அதே வெளுப்பு, அதே பொட்டு, எல்லாருக்கும் பொதுவான அந்தச் சிரிப்பு. கீழே சாயம் போன நைலெக்ஸ் சேலை. கையில் துணிப்பை. முகத்தின் மேல் விழுந்த வெளிச்சம் எங்கள் மாடியின் வெளிச்சம் இல்லை, இடமிருந்து வந்தது. மாடியில் இடப்பக்கம் சுவர்தான். கழுத்தில், தாடைக்கு ஒரு விரல் கீழே, ஒரு கோடு. மேலே ஒரு நிறம், கீழே என் நிறம். ஓரத்தை மிருதுவாக்காமல் விட்டிருக்கிறான். அவசர வேலை.

பயந்துவிட்டேன் என்று எழுத வேண்டும். பயந்தேன். ஆனால் தகவல் இருந்தது. ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நகம் பிளந்திருந்தது. முழங்கைத் தழும்பு சரி. உயரம் சரி.

"வாங்கம்மா" என்றேன். "உட்காருங்க."

அவர் செருப்பைக் கழற்றியவர், அப்படியே நின்றார்.

"இன்னாது?" உதடு கொஞ்சம் பிந்தி அசைந்தது. சொல் வடசென்னை, குரல் ஊறுகாய். "வாங்கவா?"

"உள்ள வாங்கம்மா. வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஏன்டா, கோவமா? அன்னிக்கி போன்லயும் யாரோ மாரி பேசின. நான் இன்னா பண்ணேன்?"

"கோவமெல்லாம் இல்லம்மா. சத்துணவு வேலை எப்படிப் போகுது? பத்தொன்பது வருஷம் ஆச்சு இல்ல?"

எல்லாம் சரியாகத்தான் கேட்டேன். அவர் கிட்டே வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். கை சொரசொரப்பாக, வெங்காய வாசனையோடு இருந்தது. அது பட்டியலில் இல்லை, ஆனாலும் பொருந்துகிறது. தலையை இடப்பக்கம் சாய்த்தார். நடிகையின் கண்கள் என்னைத் தாண்டி, கேமரா இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் எதுவும் வரவில்லை. ஆனால் கழுத்துக் கோட்டுக்குக் கீழே தொண்டை ஈரமாகிக்கொண்டே வந்தது. சேலைத் தலைப்பு நனைந்தது.

கையை எடுத்துக்கொண்டார். பைக்குள்ளிருந்த டப்பாவை மேசை மேல் வைத்தார். அறையை ஒரு சுற்று பார்த்தார், கட்டிலுக்குப் பின்னால்கூட.

"சரிப்பா" என்றார். அந்த 'ப்பா' எனக்குச் சொன்னது. "எம் புள்ள வந்தா, அம்மா வந்துச்சுன்னு சொல்லு. மீனு வெச்சிருக்குதுன்னு சொல்லு. சூடு பண்ணித் துன்னச் சொல்லு."

"சொல்றேன்மா."

படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. நோட்டை எடுத்துச் சரிபார்த்தேன். கை, உயரம், வேலை, தலை சாய்ப்பது, எல்லாம் பொருந்துகிறது. எங்கே தவறு என்று புரியவில்லை. ஆறு பக்கமும் அவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஜன்னலருகே போனேன். கீழே தெருவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கையை வாயருகே குவித்து, "கப்பலு" என்று கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "டேய் கப்பலு."

யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ளத் தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.